மூன்று முறை குந்திய காவலாளி

அருளம்பலம் கண்ணை மூடாமலே செத்துப்போனது அன்றைக்கு அது மூன்றாவது தடவை.

முதல் தடவை வங்கி வாசலில். இரண்டாம் தடவை வங்கிக்குள். இப்போது வங்கிக்கு எதிரே இருந்த கொத்துரொட்டிக் கடையில். தலையில் மாட்டியிருந்த கறுத்த ஹெட்செட்டுக்குள் ஒரு முகமூடிக்காரன் துப்பாக்கியை நீட்ட, மனுசன் "ஐயோ, காசெல்லாம் டிரைவரிட்டை!" என்று கத்திக்கொண்டு இரண்டு கையையும் தூக்கினார். முப்பத்துநாலு வருடம் யாழ்ப்பாணம் – வல்வெட்டித்துறை பஸ்ஸில் கொண்டக்டராக நின்றவருக்கு ஆபத்து நேரத்தில் வேறென்ன வாயில் வரும்? தூக்கிய கை நிமலினியின் மூக்குக்கண்ணாடியைத் தட்டி விழுத்தியது.

"காணும் அண்ணை, கழட்டுங்கோ."

"ஒரு நிமிஷம் பொறு பிள்ளை. இந்தமுறை உவனை விடமாட்டன்."

"அவன் உங்களை மூண்டுதரம் சுட்டிட்டான்."

"மூண்டுதரம் சுட்டும் இந்தக் கிழவன் திரும்பத் திரும்ப வாறானே எண்டு அவனுக்கும் இப்ப பயம் பிடிச்சிருக்கும்."

நிமலினி கண்ணாடியைப் பொறுக்கித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். காப்புறுதிக் கம்பனி ஒன்றில் பன்னிரண்டு வருடம் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துப் பழகிவிட்டு, யாழ்ப்பாணத்தில் சொந்தமாகத் துப்பறியும் தொழில் தொடங்கியவள் அவள். அலுவலகத்தில் ஒரு மேசை, இரண்டு கதிரை, ஒரு அருளம்பலம். இதில் எண்ணெய் போடாமலே ஓடுவது அருளம்பலத்தின் வாய் மட்டும்தான்.

அவர்கள் நின்ற இடம் தெல்லிப்பழைப் பக்கத்தில், தோட்டவெளிக்கு நடுவே இருந்த பழைய வெங்காயக் கிட்டங்கி. இப்போது அதற்கு வெள்ளையடித்து, 'கேடயம் பாதுகாப்புப் பயிற்சி நிலையம்' என்று பலகை போட்டிருந்தார்கள். வங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் காவலுக்குப் போகிறவர்களை ஹெட்செட் மாட்டி ஒரு பொய்த் தெருவுக்குள் இறக்கிவிட்டு, கள்ளனைப் பிடிக்கப் பழக்குகிற இடம். ஆனால் என்னதான் வெள்ளையடித்தாலும் வெங்காய மணம் போகவில்லை. பயிற்சி முடித்து வெளியே வருகிறவன் எல்லாம் கண்கலங்கித்தான் வருவான்.

உரிமையாளர் நதானியேல் வாசலில் நின்று தொண்டையைச் செருமினார். ஐம்பத்தைந்து வயது, பொத்தான் எல்லாம் பூட்டிய சேட், முகத்தில் மூன்று நாள் நித்திரைக் குறைவு.

"மிஸ், விளையாட்டு முடிஞ்சுதெண்டால் விசயத்துக்கு வருவம். இப்ப ஒண்டரை மணி. நாலு மணிக்கு நான் மீனாம்பிகையைப் பொலிசிலை குடுக்கப்போறன்."

"ஏன் செவ்வாய்க்கிழமையே குடுக்கேல்லை?" என்று நிமலினி கேட்டாள்.

நதானியேல் சேட்டின் மேல் பொத்தானைத் திருகினார். பதிலை அருளம்பலம்தான் சொன்னார்: "களவைப் பிடிக்கப் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்திலேயே களவு போட்டுது எண்டு எந்த வாயாலை சொல்லுறது?"

விசயம் இவ்வளவுதான். நிலையத்தின் கணினிக்காரி கோபிகா இரண்டு வருடமாகக் கட்டிய பொய்த் தெருவின் முழு வேலையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. ஓடுகிற தெரு ஹெட்செட்டுக்குள் இருக்கும். ஆனால் அதில் ஒரு கதவைத் திருத்துவதென்றாலும் டிஸ்க் வேண்டும். செவ்வாய் காலை பத்துக்கும் பத்தரைக்கும் இடையில் அது கோபிகாவின் மேசை லாச்சியிலிருந்து போய்விட்டது.

"வேறை பிரதி எடுத்து வைக்கேல்லையோ?"

"இன்னொரு டிஸ்க் வாங்கித் தாங்கோ எண்டு கேட்டவள். அடுத்த மாசம் பாப்பம் எண்டனான்." நதானியேலின் குரல் இறங்கியது. "நாளைக்கு பொலிஸ் பயிற்சிப் பிரிவிலை இருந்து பாக்க வருகினம். அவைக்குப் பிடிச்சால் எங்கடை தெருவிலைதான் அவையின்ரை ஆக்களும் பழகுவினம்."

அந்த அரைமணித்தியாலம் அவரும் கோபிகாவும் பயிலுநர்கள் பதினொரு பேரும் முற்றத்தில் வகுப்பில் நின்றார்கள். கட்டடத்துக்குள் இருந்தது இரண்டே பேர். ஒருவன் தலைமைப் பயிற்சியாளர் ஜெனுஷன். வருடத்துக்கு ஒருமுறை பயிற்சியாளரும் சோதனை எடுக்கவேண்டும் என்பதால், ஹெட்செட் அறையில் இருபத்தெட்டு நிமிடம் இடைவிடாமல் சோதனை செய்திருக்கிறான், கணினியில் பதிவு இருக்கிறது, தொண்ணூற்றொரு புள்ளி. மற்றவர், தேத்தண்ணி வைக்கிற மீனாம்பிகை.

"அவன்தான் முதல்லை சொன்னவன், மீனாம்பிகையை விட்டா உள்ளுக்கை வேறை ஆர் எண்டு," என்றார் நதானியேல். "அண்டையிலை இருந்து கேற்றிலை எல்லாரையும் சோதிச்சுத்தான் வெளியிலை விடுறம். டிஸ்க் வெளியிலை போகேல்லை. பூச்சாடி மண்ணையும் கிளறிப் பாத்தாச்சு."

வாசல் படலையடியில் போட்டிருந்த வாங்கில் மீனாம்பிகை உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். மூன்று நாளில் அந்தப் பையை ஆறுதரம் கொட்டிக் கவிழ்த்துப் பார்த்துவிட்டார்கள். ஆறு வருடம் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்த ஆட்களே கொட்டிப் பார்த்தார்கள். நாலு மணிக்குப் பிறகு கள்ளி என்ற பெயரோடு அவள் சந்தியால் நடந்து வீட்டுக்குப் போகவேண்டும்.

"அக்கா, செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு எங்கை நிண்டனீங்கள்?" நிமலினி பக்கத்தில் அமர்ந்து கேட்டாள்.

"குசினியிலை. தேத்தண்ணி வைச்சனான்."

"முழு நேரமுமோ?"

மீனாம்பிகை பையின் வாரைச் சுருட்டினாள், விரித்தாள். "ஓம்," என்றாள். பொய் சொல்லிப் பழகாத ஆள் என்பது அந்த ஒரு 'ஓம்' இலேயே தெரிந்தது.

முற்றத்தில் பயிலுநர்கள் தடியடி பழகிக்கொண்டிருந்தார்கள். காற்றுக்குத்தான் அடித்தார்கள். பக்கத்தில் கறுத்த முகமூடியும் கோடுபோட்ட பெனியனும் மாட்டிய கள்ளன் பொம்மை ஒன்று, சாக்கு வயிற்றைத் தள்ளிக்கொண்டு சும்மா நின்றது.

"என்ன தம்பி, இவ்வளவு கொழுத்த கள்ளன் நிக்கிறான், நீங்கள் காத்துக்கு அடிக்கிறியள்?" அருளம்பலம் வியர்த்து நின்ற தனோஜன் என்ற பயிலுநரைக் கேட்டார்.

"ஜெனுஷன் சேர் அடிக்க வேண்டாமெண்டவர். தையல் பிரிஞ்சு போச்சாம். செவ்வாய்க்கிழமையிலை இருந்து அவருக்கு லீவு."

"குடுத்துவைச்சவர். எனக்கு ஒருநாளும் உப்பிடி லீவு தந்ததில்லை."

"அண்டைக்கு எங்களுக்குத் தேத்தண்ணியும் பிந்தித்தான் ஐயா வந்தது," என்று தனோஜன் மனக்குறையைக் கொட்டினான். "பத்தேமுக்கால். அதிலையும் சீனி இல்லை."

நிமலினி நடந்துகொண்டிருந்தவள் நின்றாள். "அரைமணித்தியாலமா குசினியிலை நிண்டு, தேத்தண்ணியும் பிந்தி, சீனியும் இல்லையோ?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு உள்ளே போனாள்.

கோபிகா கண் சிவந்துபோய்க் கணினிக்கு முன்னால் இருந்தாள். முப்பது வயதுக்காரி. களவு போனது தன் பிள்ளை என்பதுபோல இருந்தது அவள் முகம்.

"ஜெனுஷன்ரை சோதனைப் பதிவை ஆரும் பாத்தவையோ?" நிமலினி கேட்டாள்.

"இல்லை அக்கா. புள்ளித்தாள் மட்டும் அச்சடிச்சு எடுப்பம். இருபத்தெட்டு நிமிஷம் குந்தியிருந்து ஆர் பாக்கிறது?"

"நாங்கள் பாப்பம்."

பதிவு திரையில் ஓடத் தொடங்கியது. ஹெட்செட் போட்டவர் எதைப் பார்த்தாரோ அதுதான் தெரியும். கைகளுக்குப் பதிலாக இரண்டு வெள்ளைக் கையுறைகள். அசல் யாழ்ப்பாணத் தெரு ஒன்று. மதிலில் கிழிந்த நோட்டீஸ், மதிலுக்கு மேலால் முருங்கை, நடு வீதியில் யாருக்கும் வழிவிடாத மாடு. கோபிகா கெட்டிக்காரிதான்.

வங்கிக்குள் போன கையுறைகள் முதலில் செய்த காரியம் கள்ளனைத் தேடியதல்ல. மேசைகளில் கிடந்த வெறும் கோப்பைகளை எடுத்து, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கின. ஒரு மேசை முடிய அடுத்த மேசை. ஒவ்வொரு மேசைக்கும் கீழே குனிந்தும் பார்த்தன. மூன்றாவது மேசைக்குக் கீழே வெடிகுண்டுப் பை இருந்தது. திரையின் மூலையில் புள்ளி துள்ளி ஏறியது.

"மேசைக்குக் கீழை பாத்தால்தான் கூடப் புள்ளி," என்றாள் கோபிகா. "எங்கடை பெடியள் ஒருத்தரும் பாக்கிறேல்லை."

பிறகு சந்தி வந்தது. பார்வை திடீரென்று காலடிக்குப் போனது. முதலில் வலது கால், பிறகு இடது கால். நிமிர்ந்தது. கையுறைகள் இரண்டும் நெஞ்சுக்கு முன்னால் குறுக்காக வெட்டிக்கொண்டு, முகத்தின் இரண்டு பக்கமும் போய் மறைந்தன. உடனே முழுக் காட்சியும் தடாலென்று கீழே இறங்கி மேலே ஏறியது. திரும்ப இறங்கி ஏறியது. மூன்றாவது தடவையும்.

"பதுங்கி எட்டிப் பாத்திருக்கிறான்," என்றார் பின்னால் நின்ற நதானியேல். "மூண்டுதரம். நல்ல பயிற்சி."

நிமலினியும் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். அருளம்பலத்துக்கோ சிரிப்பு அடக்கமுடியவில்லை. கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார்.

"என்ன பதுங்கலோ? ஐயா, உது தோப்புக்கரணம்!"

"என்ன?"

"முன்னுக்கு என்ன நிக்குது, பாருங்கோ. பிள்ளையார் கோயில்! முதல்லை செருப்புக் கழட்டினது. பேந்து ரெண்டு காதையும் பிடிச்சு மூண்டு குந்து. முப்பத்துநாலு வருஷம் பஸ்ஸிலை நிண்டனான். கோயிலடி வந்தால் சனம் கம்பியை விட்டிட்டு ரெண்டு கையையும் தூக்கும். அந்த நேரம் பாத்து டிரைவர் பிறேக் அடிச்சால் எல்லாரும் என்ரை மேலைதான். எனக்குத் தெரியாதோ!" அவர் நிமலினி பக்கம் திரும்பினார். "உங்கடை ஆக்கள் முழங்காலிலை நிப்பியள் பிள்ளை, காதைப் பிடிக்கமாட்டியள். அதுதான் உனக்கும் பிடிபடேல்லை."

நிமலினி மெதுவாக நிமிர்ந்தாள். "ஜெனுஷன் எங்கடை சபைக் கொயரிலை பாடுறவன். போதகரின்ரை பேரன்."

அருளம்பலம் தன் பங்குக்குத் துப்புத் துலக்கினார்: "அப்ப போட்டது தனோஜன். முகத்திலை திருநீறு இருந்தது, கண்டனான்."

"தனோஜன் அந்த நேரம் முற்றத்திலை நிண்டவன் அண்ணை."

"அப்ப ஆர்? பிள்ளையார் தானே வந்து தனக்குப் போட்டவரோ?"

நிமலினி கோபிகாவிடம் ஏதோ கேட்டாள். கோபிகா காதுக்குள் சொன்ன பதிலைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது. பதிவை முதலிலிருந்து ஓடவிட்டு, கையுறைகள் கோப்பை அடுக்குகிற இடத்தில் நிறுத்தச் சொன்னாள். "ஜெனுஷனைக் கூப்பிடுங்கோ. அப்பிடியே மீனாம்பிகை அக்காவிட்டை எல்லாருக்கும் தேத்தண்ணி வைக்கச் சொல்லுங்கோ. சீனி போட்டு."

தேத்தண்ணி வந்தது. எல்லோரும் குடித்து, கோப்பைகளை ஆளுக்கொரு பக்கம் வைத்த பிறகுதான் ஜெனுஷன் வந்தான். கஞ்சி போட்ட சீருடை, முகம் பார்க்கிற அளவுக்கு மினுக்கிய சப்பாத்து. திரை அவன் முதுகுப் பக்கம் இருந்தது.

"உங்கடை பதிவு பாத்தனான் தம்பி. சந்தியிலை மூண்டுதரம் குந்தியிருக்கிறியள். ஏன்?"

அவன் ஒரு கணம்தான் யோசித்தான். "சுடுகிறவன் எதிரிலை நிண்டவன் மிஸ். மறைஞ்சு எட்டிப் பாத்து, திரும்ப மறைஞ்சனான்."

"எதுக்குப் பின்னாலை மறைஞ்சியள்?"

"சந்தியிலை நிக்கிற நீல லொறிக்குப் பின்னாலை. பெடியளுக்கும் அதைத்தான் படிப்பிக்கிறனான்."

கோபிகா எழுந்து நின்றாள். "அந்த லொறியைத் திங்கட்கிழமை பின்னேரம் நான் எடுத்திட்டன் ஜெனுஷன். யாழ்ப்பாணத்திலை சந்தி எண்டால் ஒரு பிள்ளையார் வேணும், அப்பத்தான் வாறவை நம்புவினம் எண்டு கோயில் வைச்சனான். செவ்வாய்க்கிழமை அந்தத் தெருவுக்கை லொறியே இல்லை."

ஜெனுஷனின் கழுத்து சிவந்தது. ஆனால் அவன் லேசுப்பட்டவனல்ல. "சரி. நான் சோதனை எடுக்கேல்லை. வெளியிலை போன் கதைக்கப் போனனான். அதுக்காக என்னைக் கள்ளன் எண்டு சொல்லுறதோ? டிஸ்க்கைத் தொட்டதை ஆர் கண்டது? உள்ளுக்கை நடமாடினது அந்த மனுசிதான்!"

"அப்ப ஹெட்செட்டைப் போட்டது ஆர்?" என்று நதானியேல் உறுமினார்.

"உஷ்," என்றாள் நிமலினி. "அங்கை பாருங்கோ."

மீனாம்பிகை கோப்பை எடுக்க வந்திருந்தாள். யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் ஒவ்வொரு மேசையாகப் போய், வெறும் கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள். மூன்றாவது மேசையடியில் பழக்கதோஷத்தில் குனிந்து, அருளம்பலம் காலடியில் ஒளித்து வைத்திருந்த கோப்பையையும் எடுத்தாள். அவளுக்குப் பின்னால் திரையில், இரண்டு வெள்ளைக் கையுறைகள் அதே மாதிரிக் கோப்பைகளைப் பிடித்தபடி அசையாமல் நின்றன.

நதானியேல் திரையைப் பார்த்தார். மீனாம்பிகையைப் பார்த்தார். திரும்பத் திரையைப் பார்த்தார்.

"நீங்கள் மூண்டு நாளாக் கும்பிட்ட அத்தாட்சி ஜெனுஷன்ரை இல்லை," என்றாள் நிமலினி. "அது மீனாம்பிகை அக்காவின்ரை. டிஸ்க் போன நேரம் முழுக்க அவ இந்தத் தெருவுக்கைதான் நிண்டவ. முற்றத்திலை பதின்மூண்டு பேர் நிண்டும் ஜெனுஷன் வெளியிலை வந்ததை ஒருத்தரும் காணேல்லை; உள்ளுக்கை இருந்தது ரெண்டு பேர். ஒராள் ஹெட்செட்டுக்குள்ளை. மிச்சம் ஆர்?"

கோப்பைகள் மேசையில் கலகலத்தன. மீனாம்பிகை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள்.

"தலையிலை மாட்டுற உந்தத் தொப்பியின்ரை வார் சரியோ எண்டு பாக்கவேணும், ஒருக்காப் போட்டுக்கொண்டு நடவுங்கோ அக்கா எண்டு தம்பி கேட்டவர். தான் வெளியிலை வயரைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன் எண்டவர். தொப்பியைத் தொட்டால் வேலை போகும் எண்டு சுவரிலை எழுதிக் கிடக்கு. சொன்னால் ரெண்டு பேருக்கும் வேலை போகும், நாலு மணிக்குள்ளை நான் கதைச்சுச் சரிப்பண்ணுறன், வாயைத் திறவாதேங்கோ எண்டவர்." அவள் ஜெனுஷனைப் பார்த்தாள். கோபத்தைவிட நம்பமுடியாமைதான் அந்தப் பார்வையில் இருந்தது. "உனக்கு நான் என்ன குறை வைச்சனான் தம்பி? உனக்கெண்டு தேயிலைச் சாயம் கூடப் போட்டு வேறையா ஊத்தித் தந்தனான்."

அருளம்பலத்திடம் அந்த நேரம் பகிடி ஒன்றும் வரவில்லை.

"டிஸ்க்?" என்று கேட்டார் நதானியேல். "டிஸ்க் எங்கையடா?"

"தேடுங்கோ," என்பதுபோல ஜெனுஷன் தோளை உயர்த்தினான்.

அப்போதுதான் அருளம்பலத்தின் மண்டைக்குள் மணி அடித்தது. "பொறுங்கோ. மூண்டு நாளா லீவிலை நிக்கிற ஒராளை நாங்கள் இன்னும் விசாரிக்கேல்லை," என்று சொல்லி முற்றத்துக்கு இறங்கினார். பின்னால் ஜெனுஷனின் மினுக்கிய சப்பாத்து இரண்டு அடி ஓடியதும், தனோஜனும் மற்றப் பத்துப் பேரும் படித்ததையெல்லாம் ஒரேயடியாகச் செய்து காட்டியதும் அவருக்குத் தெரியாது. அவர் பொம்மையின் பெனியனைத் தூக்கி, சாக்கு வயிற்றின் தையலுக்குள் முழங்கை மட்டும் கையை விட்டார். பழந்துணி, பழந்துணி, வெங்காயச் சருகு, பிறகு சில்லென்று ஒரு இரும்புப் பெட்டி.

"கேற்றிலை சோதினை முடியுமட்டும் கள்ளன்ரை வயித்துக்கை கள்ளன் ஒளிச்சு வைச்சிருக்கிறான்!" என்று டிஸ்க்கைத் தலைக்குமேலே தூக்கிக் காட்டினார். "தையல் பிரிஞ்சது உண்மைதான். பிரிச்சது ஆரெண்டுதான் சொல்லேல்லை."

ஜெனுஷனின் கைத்தொலைபேசியில் மிச்சமும் இருந்தது. கொழும்பில் வேறொரு பயிற்சி நிறுவனம் அவனுக்குப் பெரிய பதவி பேசியிருந்தது; கோபிகாவின் தெருவை அவன் சீதனமாகக் கொண்டுபோக இருந்தான். மூன்றே முக்காலுக்கு பொலிஸ் ஜீப் வந்தது. குறித்த நேரத்துக்குக் கால்மணி முன்பு, வேறு ஆளுக்கு.

நதானியேல் மீனாம்பிகைக்கு முன்னால் வந்து நின்றார். எல்லோரும் பார்க்கத்தான் நின்றார். "பிழை என்னிலை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றார். அவருடைய கண் கலங்கியதற்கு வெங்காயம் காரணமில்லை.

"அப்ப தொப்பியைத் தொட்டதுக்கு..."

"தொண்ணூற்றொரு புள்ளி அக்கா! என்ரை பெடியள் ஒருத்தனும் எழுபதைத் தாண்டினதில்லை. நாளைக்கு பொலிஸ்காரருக்கு முன்னாலை தொப்பியைப் போட்டு நடந்து காட்டப்போறது நீங்கள்தான். சம்பளமும் இனிப் பயிற்சியாளர் சம்பளம்."

மீனாம்பிகை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சந்தோசப்படுவாள் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் முகத்தில் வேறொரு கவலை ஏறியது.

"அதுக்கு முதல் ஒரு காரியம் கிடக்கு. அண்டைக்கு உள்ளுக்கை ஒருத்தன் துவக்கோடை வர எனக்கு ஏலாமப் போச்சு. பிள்ளையாரே, என்னைச் சுகமா வெளியிலை விடு, ஒரு தேங்காய் உடைக்கிறன் எண்டு நேந்தனான். வெளியிலை விட்டார். நான் உடைக்கேல்லை. அதாலைதான் இந்தக் கள்ளிப் பட்டமும் வந்தது."

"அதுக்கென்ன அக்கா, போற வழியிலை ஒரு பிள்ளையாருக்கு உடையுங்கோவன்," என்றார் நதானியேல்.

"அதெப்பிடி? அந்தப் பிள்ளையாருக்கெல்லோ நேந்தனான்."

நதானியேல் உதவி கேட்டு நிமலினியைப் பார்த்தார். நிமலினி அருளம்பலத்தைப் பார்த்தாள். அருளம்பலம் வெகு தீவிரமாகத் தலையாட்டினார்: "அது சரிதான். ஒராளுக்குச் சொன்னதை இன்னொராளுக்குக் குடுக்கேலாது."

கோபிகா டிஸ்க்கில் ஒட்டியிருந்த வெங்காயச் சருகைத் தட்டினாள். கணினியில் சொருகினாள். இரண்டு வருட உழைப்பும் ஒன்றும் குறையாமல் திரையில் வந்து நின்றது. பெருமூச்சு ஒன்று விட்டு, விசைப்பலகையை இழுத்துக்கொண்டு, மூன்று நாளில் முதல்தடவையாகச் சிரித்தாள்.

"சொல்லுங்கோ அக்கா," என்றாள். "தேங்காய் குடுமியோடையோ, குடுமி இல்லாமலோ?"

"குடுமியோடை, பிள்ளை. நல்லா முத்தினதாப் பாத்து வை."

அருளம்பலம் அதற்குள் ஹெட்செட்டை எடுத்துத் தலையில் மாட்டிவிட்டார். "நீங்கள் உடையுங்கோ தங்கச்சி," என்றார். "துண்டு பொறுக்க நான் முன்னுக்குப் போறன். அவன் நாலாந்தரமும் சுட்டால் சுடட்டும்."